பிள்ளைகளுக்குக் கடற்கரைப் பை கட்டுவது எப்படி? டெல்டா கரைகளுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

மணல், ஈரம், சாப்பாடு. கடற்கரைக்குக் கொண்டுபோகும் பை கெட்டுப்போவது இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும்போதுதான். இறங்கி அரை மணி நேரத்தில் முறுக்கில் மணல் நறநறக்கும், காய்ந்த துண்டு நனைந்த ஜட்டியோடு சேர்ந்து ஊறிப்போயிருக்கும், சின்னவன் தன் வாளியைத் தேடிப் பையைத் தலைகீழாகக் கொட்டியிருப்பான். பையில் என்ன வைக்கிறோம் என்பதைவிட எதை எதோடு சேர்க்காமல் வைக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பிள்ளைக்கு ஒரு பை, பெரியவர்களுக்கு ஒரு பை என்று பிரித்துவிடுங்கள். பிள்ளையின் பையில் அது தானே எடுத்துப் பயன்படுத்தும் சாமான் மட்டும் இருக்க வேண்டும்: விளையாட்டுப் பொருள், குடிக்கும் தண்ணீர், ஒரு துண்டு, ஒரு தின்பண்ட டப்பா, ஒரு விசில். மருந்து, மாற்றுத் துணி, கழுவுகிற தண்ணீர், நிழலுக்கான துணி எல்லாம் பெரியவர் பைக்குப் போகும். தன் பை தன் பொறுப்பு என்று வந்துவிட்டால் நான்கு வயதுப் பிள்ளைகூட சாமானை எண்ணி எடுத்து வைக்கும்.

எந்தக் கரை, எந்த மாதம்?

பையைத் தொடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். டெல்டாவின் கரைகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

பூம்புகாரில் கடலரிப்பைத் தடுக்கக் கரையில் பெரிய பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். தரங்கம்பாடியிலும் டேனிஷ் கோட்டைப் பக்கம் கற்கள் உண்டு. 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோன ஊர் அது. இப்படிப்பட்ட இடங்களில் பிள்ளையின் ஒரு கை உங்கள் கையில் இருக்க வேண்டும், மறு கை ஊன்றிக்கொள்ளக் காலியாக இருக்க வேண்டும். ஆகவே தோளில் மாட்டுகிற பைதான் சரி. கையில் தூக்கும் கூடை கொடுக்காதீர்கள்.

காரைக்கால் கரை அகலமானது, நடக்க எளிது. சின்னப் பிள்ளைகளை முதன்முறை கூட்டிப்போக ஏற்றது. அரசலாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் அங்கேதான் இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முகத்துவாரத்தில் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். பூம்புகாரில் காவிரி கலக்கும் இடத்துக்கும், பழையாறில் கொள்ளிடம் கலக்கும் இடத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வேளாங்கண்ணியில் கூட்டம்தான் கவலை. ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை கைக்குழந்தையோடு கடலுக்கு இறங்குவதைத் தவிர்ப்பது நல்லது. மற்ற நாளிலும் பிள்ளையின் முன்கையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். பந்துமுனைப் பேனாவால் எழுதி அதன்மேல் ஒளி ஊடுருவும் ஒட்டுப்பட்டையை ஒட்டினால் தண்ணீரில் சீக்கிரம் அழியாது.

மனோராவும் மல்லிப்பட்டினமும் பாக் நீரிணைப் பக்கம். அலை குறைவு, சேறு அதிகம். மணல் வீடு கட்டும் சாமான் அங்கே வீண். பழைய உடுப்பும் கூடுதலாக ஐந்து லிட்டர் தண்ணீரும் கொண்டுபோனால் போதும். கோடியக்கரையில் குரங்குகள் உண்டு. தின்பண்டம் இருக்கிற பையைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

மாதமும் பையை மாற்றும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிப்பாக இருக்கும், பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்குகிற காலம் அல்ல. அரையாண்டு விடுமுறையில் போனால் கரையில் விளையாட மட்டும் போங்கள், விடியற்காலைப் பனிக்கு ஒரு ஸ்வெட்டர் வையுங்கள். மே மாதம்தான் பெரும்பாலான குடும்பங்கள் கிளம்பும். அப்போது தண்ணீர் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் பூம்புகார், வேதாரண்யம், கோடியக்கரையில் கடலாட மக்கள் திரள்வார்கள். அதற்கடுத்த சில நாள் கரையில் துணி, மாலை, புட்டி கிடக்கும். வார்ப்பட்டை வைத்த செருப்பு இல்லாமல் பிள்ளையை இறக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட மேலேறி வரும். பையை வைக்கும் இடம் ஈரக்கோட்டிலிருந்து குறைந்தது பதினைந்து எட்டு வைக்கும் தூரம் தள்ளி இருக்கட்டும்.

எந்தப் பை?

புதிதாக வாங்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் இருப்பதே போதும், சொல்லப்போனால் கடையில் விற்கிற கார்ட்டூன் பையைவிட நன்றாக உழைக்கும். பஞ்சு வைத்துத் தைத்த அந்தப் பைகளின் மூலைகளில் புகுந்த மணல் வெளியே வராது. ஜிப்பில் உப்பு ஏறி இரண்டே பயணத்தில் இறுகிவிடும்.

சமதளக் கரைக்கு, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு, சின்ன வயர் கூடையை மிஞ்ச ஒன்றுமில்லை. பின்னல் இடைவெளி வழியாக மணல் தானே உதிரும், தண்ணீர் வடியும், கூடை நின்ற இடத்தில் நிற்கும். அளவு பார்க்கும் முறை இதுதான்: பிள்ளை கையைத் தொங்கவிட்டுக் கூடையைப் பிடிக்கும்போது அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் மணலில் உழுதுகொண்டே வரும், பத்தடியில் உங்கள் கைக்கு வந்துவிடும். கைப்பிடி நீளமாக இருந்தால் ஒரு முடிச்சுப் போட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வயதுக்கு மேல் முதுகில் மாட்டும் நாடாப் பை. துணி மெல்லியதாக, உள்ளே தையல் மடிப்பு இல்லாததாகப் பாருங்கள். நாடா தோளை அறுத்தால் இரண்டு பக்கமும் பழைய துணியைச் சுற்றித் தைத்துவிடலாம்.

இதற்குள் மூன்று உறைகள் போகும். விளையாட்டுச் சாமானுக்கு வெங்காயம் வருகிற வலைப் பை. ஐந்து கிலோ அளவு தோதாக இருக்கும். சாமானோடு அப்படியே கடல் தண்ணீரில் நான்கு முறை முக்கி எடுத்தால் மணல் முழுக்கப் போய்விடும். துண்டுக்கு ஒரு மஞ்சப்பை. கிளிஞ்சல் பொறுக்க ஒரு தாம்பூலப் பை. கல்யாண சீசன் முடிந்த எந்த டெல்டா வீட்டிலும் பத்துப் பதினைந்து கிடக்கும், பிள்ளைக்குப் பிடித்த நிறத்தை அதுவே எடுத்துக்கொள்ளட்டும்.

நனைந்த துணிக்கு மட்டும் தண்ணீர் கசியாத பை வேண்டும். ஐந்து கிலோ அரிசி வருகிற, உள்ளே பளபளப்பான பூச்சு உள்ள பை நன்றாக இருக்கும். உரச் சாக்கை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. பிள்ளையின் தோலில் படும் துணியை அதில் வைக்கவே வேண்டாம். கேரி பேக்குகளும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தவிர, காற்றில் ஒரு பை பறந்தால் அது நேராகக் கடலுக்குத்தான் போகும்.

எடை

பள்ளிப் பைக்குச் சொல்லும் கணக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. மணலில் கால் புதையும் என்பதால் அதிலும் பாதியை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு கிலோ எடையுள்ள ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோ சொச்சம். அது இப்படி வரும்: கூடை 200 கிராம், 300 மி.லி. தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து 380 கிராம், ஈரிழைத் துண்டு 150 கிராம், விளையாட்டுச் சாமான் 250 கிராம், தின்பண்டம் டப்பாவோடு 100 கிராம். கூட்டினால் 1,080 கிராம். வீட்டில் தராசு இல்லையென்றால் ஒரு கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், மறு கையில் பை என்று தூக்கிப் பாருங்கள். பை கனத்தால் முதலில் எடுக்க வேண்டியது விளையாட்டுச் சாமானில் ஒன்றை. தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

விளையாட்டுச் சாமான்: ஆறு போதும்

ஆளுக்கு ஆறு பொருள். அதற்கு மேல் போனால் எண்ண முடியாது, எண்ண முடியாதது தொலையும். ஆறையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் பொருத்தமில்லாததை மட்டும் விலக்குங்கள்.

நல்ல அச்சுகள் அடுப்படியில் இருக்கின்றன. ஓரம் தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சி ஒன்று, குமிழ் வீடு கட்ட. பழைய இட்லித் தட்டு ஒன்று, ஒரே அழுத்தில் நான்கு மணல் இட்லி விழும். கூர்மையான ஓரம் இல்லாத தட்டாகப் பாருங்கள். அடி ஓட்டையான பிளாஸ்டிக் டம்ளர் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், கவிழ்க்கும்போது அடியிலிருந்து காற்று புகுவதால் மணல் உடையாமல் இறங்கும். கொத்தி அள்ள ஒரு மரக்கரண்டி. தண்ணீர் மொள்ள ஒரு சின்ன மக்கு; ஒரு லிட்டர் மக்கு நிறைந்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தூக்கக் கனம், அரை லிட்டர் சரி.

மணல் வீடு ஏன் இடிகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மணல் துகள்களுக்கு இடையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அது துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். அதிகமானால் இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைந்து அந்தப் பிடி விட்டுப்போகும், கூழாகச் சரியும். எட்டுப் பங்கு உலர் மணலுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று தொடங்கிப் பார்க்கலாம். அலை வந்து திரும்பிய கோட்டிலிருந்து இரண்டு மூன்று எட்டு வைக்கும் தூரம் மேலே இருக்கும் மணலில் பெரும்பாலும் இந்தப் பதம் தானாகவே இருக்கும். குழி தோண்டினால் கூட்டத்திலேயே சின்னப் பிள்ளையின் முழங்கால் ஆழத்தோடு நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் சுரங்கம் தோண்டவே கூடாது. மணல் சரிந்தால் நொடியில் மூடும், கையால் தோண்டி எடுப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். போகும்போது குழியை மூடிவிட்டுப் போங்கள்.

மேலே சொன்ன அச்சுகளில் ஒன்றை விட்டுவிட்டு, ஐந்தாவது பொருளாக ஒரு காந்தத்தைப் பரிந்துரைக்கிறோம். நம் கரைகளில் வெள்ளை மணலுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். அவை கனமான தாதுத் துகள்கள். அவற்றில் சில காந்தத்தில் ஒட்டும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வளையக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கறுப்புக் கோட்டின் மேல் இழுத்தால் மீசைபோல ஒட்டிக்கொண்டு வரும். துணியைப் பிரித்தால் உதிரும். எட்டு வயதுப் பிள்ளை ஒரு மணி நேரம் இதிலேயே இருக்கும். பொத்தான் அளவுச் சின்னக் காந்தங்கள் மட்டும் கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

ஆறாவது அவரவர் விருப்பம். பனையோலைக் காத்தாடி நன்றாகச் சுழலும். பட்டம் விடுவதானால் மாலையில், கடல்காற்று கரையை நோக்கி வீசும்போது, சாதாரண நூலில். மாஞ்சா எந்த வயதிலும் வேண்டாம்.

கொண்டுபோகவே கூடாதவை: காற்றடைத்த பந்து, டியூப், மிதவை. விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மேல்காற்று மாதங்களில் பகலிலும் அப்படி வீசும் நேரம் உண்டு. லேசான பந்து தண்ணீரில் விழுந்ததும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், பிள்ளை அதன் பின்னால் போகும். ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். பந்து வேண்டுமென்றால் கனமான ரப்பர் பந்து, உலர் மணலில் மட்டும்.

சாமானே இல்லாத விளையாட்டுகளையும் கணக்கில் எடுங்கள். கிச்சு கிச்சு தாம்பாளத்துக்கு ஒரு குச்சியும் கரை நிறைய மணலும் போதும். பல்லாங்குழிக்கு ஈர மணலில் ஏழு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து என்றால் எழுபது கிளிஞ்சல், அதைப் பொறுக்குவதே முதல் ஆட்டம். ராவணன் மீசைப் புல்லின் முள் பந்து காற்றில் உருண்டு ஓடுவதைத் துரத்துவதும் நல்ல விளையாட்டுதான். முள் குத்தும், குச்சியால்தான் தொட வேண்டும்.

அண்ணன் தம்பிக்கு ஒரே மாதிரிச் சாமான், வேறு வேறு நிறம். நிறம் ஒன்றாக இருந்தால் நகப் பூச்சில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வைத்துப் பத்து நிமிடம் காயவிடுங்கள். ஸ்கெட்ச் பேனா உப்புத் தண்ணீரில் போய்விடும், நகப் பூச்சு அவ்வளவு எளிதில் போகாது.

உடுப்பும் வெயிலும்

உடுப்பின் நிறத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீலம், வெள்ளை, சாம்பல், வெளிர்பச்சை எல்லாம் தண்ணீரில் கரைந்து மறையும். பளிச்சென்ற ஆரஞ்சு, சிவப்பு, அடர் ரோஸ் தூரத்திலும் தெரியும். முழுக்கை வைத்த மெல்லிய சட்டை வெயிலுக்கும் நல்லது. ஜீன்ஸ் துணி நனைந்தால் பிள்ளையால் நடக்க முடியாது.

நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்கு வெயில் முகத்தில் அடிக்கும், மாலையில் பிடரியில் அடிக்கும். காலைக்கு முன்விளிம்பு உள்ள தொப்பி, மாலைக்குச் சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி அல்லது கழுத்தில் ஒரு கைக்குட்டை. தாடையில் கட்ட நாடா இல்லாத தொப்பி ஐந்து நிமிடம்தான் தலையில் இருக்கும். மே மாதத்தில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். அப்போதிலிருந்து எட்டரை வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் உலர் மணலே காலைச் சுடும்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே, அறையிலேயே தடவிவிடுங்கள். முகம், காது, கழுத்துக்கு மட்டும் அரை டீஸ்பூன் தேவைப்படும், பொட்டு வைத்ததுபோல் தொட்டு வைத்தால் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து வந்ததும் மறுபடியும் தடவ வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தடவாதீர்கள், அதற்கு நிழலும் துணியும்தான். தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்காது. தடவிவிட்டு மணலில் இறக்கினால் உடம்பெல்லாம் மணல் அப்பிக்கொள்ளும்.

துண்டு விஷயத்தில் ஈரிழைத் துண்டை விட்டுவிடாதீர்கள். டர்க்கி டவல் கனம், மணலைப் பிடித்துக்கொள்ளும், காய நாளாகும். ஈரிழைத் துண்டை இரண்டு உதறு உதறினால் மணல் போய்விடும். ஆளுக்கு இரண்டு: ஒன்று பிள்ளையின் பையில், மற்றொன்று கடைசித் துவட்டலுக்குப் பெரியவர் பையில்.

கைக்குழந்தைக்குச் சாதாரண டயப்பர் போட்டுக் கடலில் இறக்கினால் தண்ணீரை உறிஞ்சிக் கல்லாகக் கனத்து நழுவும். கரையில் இருக்கும்போது துணி லங்கோடு போதும்.

தின்பண்டமும் தண்ணீரும்

ஒட்டுவது, உருகுவது, பொடியாவது மூன்றையும் விலக்குங்கள். சாக்லேட் உருகும். வெல்லப்பாகு மிட்டாய் மணலைச் சேர்க்கும். மிக்சரைக் காற்று கொண்டுபோகும். ஒரு வாயில் முடிகிற, கையால் தொடாமல் கவ்விச் சாப்பிடக்கூடியதுதான் கடற்கரைக்கு ஏற்றது: மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவிய சின்ன இட்லி, நீளவாக்கில் நறுக்கிய வெள்ளரிப் பிஞ்சு, வேகவைத்த கடலை, சீப்பிலிருந்து பிய்க்காத பூவன் பழம். டப்பாவில் ஒரு முள்கரண்டி வைத்துவிட்டால் மணல் கையோடு சாப்பாட்டைத் தொட வேண்டியதில்லை. திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா நல்லது, அழுத்து மூடியைப் பிள்ளை திறக்கும்போது பாதி கொட்டும்.

மதியச் சாப்பாடு கட்டினால் புளியோதரை. தயிர்சாதம் மே மாத வெயிலில் புளித்துவிடும், தேங்காய்ச் சட்னி அதைவிடச் சீக்கிரம் ஊசிப்போகும். சாப்பாட்டைப் பையின் அருகில் வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள், சவுக்குத் தோப்புப் பக்கம் போய்விடுங்கள். தோப்பில் விழுந்து கிடக்கும் சவுக்குக் காய் வெறுங்காலைக் குத்தும், செருப்பு போட்டே போக வேண்டும்.

ஒரு சின்னப் பொட்டலத்தை மட்டும் யாருக்கும் சொல்லாமல் பெரியவர் பையில் ஒதுக்குங்கள். கிளம்பும் நேரத்தில்தான் பசி வரும், அழுகையும் வரும். ‘துணி மாத்திக்கிட்டா இது’ என்று எடுத்துக் காட்டினால் வேலை நடக்கும்.

குடிக்க ஆளுக்கு 300 மி.லி. பாட்டில் போக, பொதுவாக ஐந்து லிட்டர் கேன் ஒன்று. கால் மணிக்கு ஒருமுறை நான்கு மடக்கு குடிக்கச் சொல்லுங்கள். விளையாட்டில் பிள்ளைக்குத் தாகம் தெரியாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு வையுங்கள். பாக்கெட்டின் மேல் ஒரு லிட்டருக்கா, 200 மி.லி.க்கா என்று எழுதியிருக்கும், அதே அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ருசிக்காகத் தண்ணீரைக் குறைத்தால் உப்பு கூடிப் பிள்ளைக்குக் கெடுதல். கரைத்தது 24 மணி நேரம்தான்.

பெரியவர் பை

இதற்குக் கட்டைப்பை ஒன்று போதும். முக்கியமான சாமான், பலர் நினைத்தே பார்க்காதது, ஒரு பழைய கைலி. மூட்டி வைத்த கைலி ஒரு நடமாடும் உடை மாற்றும் அறை. பிள்ளையின் தலைவழியாகப் போட்டுக் கழுத்தில் பிடித்துக்கொண்டால் உள்ளேயே நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டுக்கொள்ளும். பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கூட்டம் நிறைந்த கரையில் ஒருமுறை பார்த்தால் தெரியும்.

உட்காரக் கோரைப்பாய். பெட்ஷீட்டில் மணல் தங்கும், பாயில் தங்காது. கடல் தண்ணீர் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். நிழலுக்கு ஒரு பழைய எட்டு முழ வேட்டியும் கயிறும்.

மருந்துப் பெட்டியில் பாண்டேஜ் துணிச் சுருள் (ஒட்டும் பிளாஸ்டர் ஈரத்தில் நிற்காது), போவிடோன் அயோடின் களிம்பு, இடுக்கி, தேங்காய் எண்ணெய் சின்ன பாட்டில். கரை ஒதுங்கும் தார் உருண்டை காலில் ஒட்டினால் எண்ணெய் தடவித் துடைத்தால் வந்துவிடும். கண்ணில் மணல் விழுந்தால் கசக்க விடாமல் குடிதண்ணீரை ஊற்றுங்கள். சொறி மீன் பட்டுத் தடித்தால் கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணல் போட்டுத் தேய்த்தாலும் மீதி விஷமும் உடம்பில் ஏறிவிடும். மூச்சுத் திணறலோ முகத்தில் வீக்கமோ தெரிந்தால் உடனே 108. தூண்டில் முள் ஏறினால் இழுக்காதீர்கள், முள்ளின் நுனியில் எதிர்க்கொக்கி இருக்கிறது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். குழந்தை காணாமல் போனால் அழைக்க 112, 1098 இரண்டையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

கழுவுவதற்குத் தனியாகத் தண்ணீர்: பிள்ளைக்கு இரண்டு லிட்டர் வீதம். பிறகு ஒரு டப்பா சோளமாவு (கார்ன்ஃபிளவர்). இதன் பயனைக் கீழே சொல்கிறோம்.

கட்டும் வரிசை

1. மூன்று நாள் முன்பு: பிள்ளை ஆறு சாமானைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு அட்டையில் ஆறையும் படமாக வரையச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் இதுவே கணக்குச் சீட்டு.

2. முந்தின இரவு: எல்லாவற்றையும் பாயில் பரப்பி, கடைசியில் தேவைப்படுவதை முதலில் உள்ளே வையுங்கள். அடியில் மஞ்சப்பைக்குள் துண்டு, அதன்மேல் மடித்த தாம்பூலப் பை, மேலாக வலைப் பையில் விளையாட்டுச் சாமான். துண்டை மேலே வைத்தால் போனதும் முதலில் வெளியே வந்து மணலில் கிடக்கும்.

3. விசிலைக் கைப்பிடியில் கட்டுங்கள், கழுத்தில் வேண்டாம். கயிறு எதிலாவது மாட்டினால் இறுக்கும். ஒரு ஊதல் என்றால் ‘இங்கே வா’, மூன்று என்றால் ‘உதவி’. வீட்டு வாசலில் இரண்டு முறை பழக்குங்கள்.

4. பையைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் தெருமுனை வரை நடக்கவிடுங்கள். திரும்பி வருவதற்குள் கை மாற்றிக்கொண்டே இருந்தால் எடை அதிகம்.

5. காலையில் தண்ணீரும் தின்பண்டமும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பத்து எண்ணுங்கள், ஒழுகினால் மாற்றுங்கள்.

கரையில் இறங்கியதும் பையை வைக்கிற இடத்தில் கைலியை ஒரு குச்சியில் கொடிபோல் கட்டுங்கள். நீரோட்டமும் அலையும் விளையாடுகிற பிள்ளையைத் தெரியாமலே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். தலை நிமிர்த்தினால் அம்மா எங்கே என்று கொடி சொல்லும். தண்ணீரில் முழங்கால் அளவுக்கு மேல் வேண்டாம். ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில், பிள்ளைக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நம் கரைகள் பலவற்றில் சரிவு செங்குத்து, அலை கரையிலேயே உடைந்து திரும்பும்போது காலை வாரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காவல் மாற்றிக்கொள்ளுங்கள், ‘இப்போ நீங்க’ என்று வாய்விட்டுச் சொல்லியே மாற்றுங்கள்.

கிளம்பும்போது

அரை மணி நேரம் முன்பே தொடங்குங்கள். முதலில் அட்டையைப் பார்த்து ஆறு சாமானையும் எண்ணி, வலைப் பையில் போட்டு, பெரியவர் கடலில் அலசட்டும். அடுத்து கிளிஞ்சல் சோதனை. பொறுக்கிய சங்கையும் சோழியையும் மக்கில் கொஞ்சம் கடல் தண்ணீரோடு ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். உள்ளே நண்டு குடியிருந்தால் கால் நீட்டும், அதை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கடல்குதிரை, கடல் அட்டை, பவளம் கரையில் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. மூன்றும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

பிறகு பிள்ளை. தலையிலிருந்து கீழாக இரண்டு லிட்டரை மக்கால் ஊற்றித் துவட்டுங்கள். கால் மணலை ஈரத்தோடு துடைத்தால் தோல்தான் சிவக்கும். துவட்டியபின் பாதத்திலும் முட்டிக்குப் பின்னாலும் ஒரு பிடி சோளமாவைத் தூவித் தடவினால் அது மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மணல் பொலபொலவென்று உதிரும். முகத்தின் அருகே தூவ வேண்டாம், மூச்சில் ஏறும். கைலிக்குள் துணி மாற்றல், ஒதுக்கிவைத்த பொட்டலம், அப்புறம் நனைந்தது எல்லாம் அரிசிப் பைக்குள்.

அந்தப் பையை அறைக்கு வந்ததும் திறந்து நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அலசாத துணி இரவு முழுக்க மின்விசிறிக்குக் கீழே போட்டாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும், மறுநாள் காலை அதே உடுப்பைப் போட்டால் தொடை இடுக்கில் உரசிப் புண்ணாகும். இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள் பிள்ளைக்கு இரண்டு கடல் உடுப்பு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

வீடு திரும்பியதும் கூடையைக் கழுவி நிழலில் கவிழ்த்து வையுங்கள், வெயிலில் வயர் வெளுத்து நொறுங்கும். கிளிஞ்சலை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி, பிறகு காயவையுங்கள். வலைப் பை, விசில், காந்தம், படம் வரைந்த அட்டை நான்கையும் கூடைக்குள்ளேயே விட்டுவிட்டால் அடுத்த முறை துண்டும் தண்ணீரும் மட்டும் சேர்த்தால் போதும்.